எந்தத் தேருக்கு, பிரமிளா?

நூற்று எண்பத்து நான்கு தேங்காய்கள். பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில் ஒரு தரைவீட்டின் முன்கூடத்தில், சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மார்க்கரால் ஒரு பெயரும் ஓர் ஊரும் எழுதப்பட்டிருந்தன. ஈப்போ, ஜொகூர் பாரு, சிங்கப்பூர், லண்டன், பெர்த். வீட்டுக்காரர் பிரமிளா பக்கிரிசாமிக்கு வயது நாற்பத்து மூன்று. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் பெரும்பாலோரை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தேர் போகும். வழிநெடுகத் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு, தேர் நெருங்கும்போது நடுத்தெருவில் அடித்து உடைப்பது பினாங்கின் வழக்கம். வேண்டிக்கொண்ட தமிழர்கள் உடைப்பார்கள், சீனர்களும் உடைப்பார்கள். உடைந்த ஓடுகளை வாரித் தள்ளுவதற்கே தனி வண்டிகள் வரும். ஊரை விட்டுப் போனவர்களுக்கு வேலை, விமானச் சீட்டு, பிள்ளைகளின் பரீட்சை என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். அவர்களுக்காகப் பிரமிளா உடைக்கிறார். இணையப் படிவத்தை நிரப்பி, கியூஆர் குறியில் பணம் கட்டினால், தேங்காய் உடைகிற வீடியோ வாட்ஸ்அப்பில் வந்து சேரும்.

பக்கத்து ஊரான பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பிரமிளா பதினேழு வருடம் வேலை பார்த்தவர். கடைசியில் ஒரு லைனுக்குத் தலைவியாக இருந்தார். அந்த லைனையே கம்பெனி வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு போனபோது, அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். கற்பூரம், விபூதி, பால்குடச் செட் என்று ஃபேஸ்புக்கில் விற்கத் தொடங்கி, பிறகு டிக்டாக் நேரலைக்கு வந்தார். தேங்காய் யோசனை ஒரு வாடிக்கையாளர் கொடுத்தது. விபூதி வாங்கிய ஒருவர், "அக்கா, எனக்கு ஒரு தேங்கா உடைச்சு வீடியோ அனுப்புவீங்களா?" என்று கேட்டார். அந்த வருடம் ஏழெட்டுப் பேருக்கு உடைத்தார்.

போன வருடம் இந்தத் தொழிலின் பெயர் கெட்டது. பிரமிளாவால் அல்ல. வேறொரு பக்கக்காரர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் பணம் வாங்கி, ஒரே வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். கிள்ளானில் இருந்த அக்காவும் தங்கையும் தங்கள் வீடியோக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் அதே சிவப்புச் சட்டைக்காரர், அதே இடத்தில், அதே மாதிரி மூக்கைச் சொறிந்துகொண்டு கடந்து போனார். அதற்குப் பிறகு பிரமிளாவின் பக்கத்திலும் கேள்விகள் வந்து விழுந்தன. "நீங்களும் அந்த சிவப்புச் சட்டை கம்பெனியா அக்கா?" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பிரமிளா சண்டைக்குப் போகவில்லை. தன் முகத்தைக் காட்டி ஒரு வீடியோ எடுத்துப் பக்கத்தின் உச்சியில் போட்டார். "ஒரு பேரு, ஒரு தேங்கா, ஒரு வீடியோ. பின்னால தேர் தெரியும். தெரியலேன்னா என் பேரைப் போட்டுத் திட்டுங்க. பேரு பிரமிளா, வீடு பாகான் டாலாம்." அந்த வீடியோவைப் பார்த்துத்தான் இந்த வருடத்து ஆர்டர்கள் வந்தன. அது பொய்த்துப்போனால் தேங்காய் வியாபாரத்தோடு கற்பூரமும் விபூதியும் சேர்ந்து போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

தைப்பூசம் நெருங்கிய ஒரு காலையில் பெர்த்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் லெட்சுமி. பினாங்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மகள் வீட்டில் இருப்பவர்.

"பிரமிளா, லெட்சுமி பேசுறேன். ஒன்னு கேக்க மறந்துட்டேன் புள்ள. எந்தத் தேருக்கு உடைக்கப் போறே? உன் ஃபோர்ம்ல அதக் காணமே?"

பிரமிளா அதை இரண்டு முறை கேட்டார். பிறகு படிவத்தைத் திறந்து பார்த்தார். பெயர் இருந்தது. நட்சத்திரம், ராசி, விருப்பப்பட்டால் வேண்டுதல், தொலைபேசி எண், எல்லாம் இருந்தன. தேர் இல்லை.

பினாங்கில் இப்போது இரண்டு தேர்கள் போகின்றன. முருகனின் வேலாயுதத்தை ஏற்றிக்கொண்டு தங்கத்தேர் முன்னால் போகும். தலைமுறைகளாகப் போய்க்கொண்டிருக்கும் வெள்ளித்தேர் பின்னால் வரும். இரண்டுக்கும் கூட்டம் உண்டு, இரண்டுக்கும் பிடிவாதக்காரர்கள் உண்டு. பிரமிளா வீட்டில் தேர் என்றால் வெள்ளித்தேர். எந்தத் தேர் என்று கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. படிவத்தைச் சரிபார்த்தவர் ஷர்மினி. தொழிற்சாலையில் பிரமிளாவோடு வேலை பார்த்தவர், இந்த வருடம்தான் தொழிலில் சேர்ந்தவர். அவர் வீட்டில் தேர் என்றால் தங்கத்தேர். அவருக்கும் அந்த எண்ணம் வரவில்லை.

"நீ எந்தத் தேருன்னு நெனச்சே?" என்று பிரமிளா கேட்டார்.

"தேருதான் லா. தங்கத்தேரு."

"நான் வெள்ளின்னு நெனச்சேன்."

"ஐயோ. அப்ப கஸ்டமர் எதை நெனச்சாங்க?"

"அதைத்தான் அந்த ஆன்ட்டி கேக்குறாங்க."

அன்று மதியமே ஆர்டர் கொடுத்த எல்லாருக்கும் ஒரே கேள்வி போனது: உங்கள் தேங்காய் வெள்ளித்தேருக்கா, தங்கத்தேருக்கா? பதில்கள் கொட்டின. கிள்ளான்காரர் ஒருவர், "என்னா அக்கா, விலை ஏத்திட்டீங்களா?" என்று கேட்டார். சிரம்பானிலிருந்து ஒருவர், "தங்கத்துக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் உண்டா?" என்றார். "உடைஞ்சா ரெண்டாத்தானே ஆவப்போவுது, ஆளுக்குப் பாதி போட்டுருங்க" என்று இன்னொருவர் எழுதினார். ஜொகூர் பாருவில் ஒரே வீட்டிலிருந்து கணவர் வெள்ளி என்றார். மனைவி தன் எண்ணிலிருந்து தங்கம் என்றார். "வீட்டுக்குள்ள பேசி முடிச்சிட்டு ஒருத்தர் மட்டும் சொல்லுங்க லா" என்று ஷர்மினி பதில் போட்டார். பக்கத்தின் கருத்துப் பகுதியில் எது மூத்த தேர், எது உண்மையான தேர் என்று ஒரு போரே மூண்டது. பிரமிளா அதை மூடிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்குள் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். நாற்பது பேருக்கு மேல் சத்தமே இல்லை.

"பதில் சொல்லாதவங்களை வெள்ளியில போட்டுறலாம்" என்றார் ஷர்மினி. தன் தேரையே விட்டுக்கொடுத்துப் பேசியதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

"மாத்தி உடைச்சிட்டா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"வீடியோவுல தேர் தெரியும்னு சொல்லியிருக்கேன். பாத்த ஒடனே தெரிஞ்சிரும். நாளைக்கு அவங்க வேண்டுனது நடக்கலேன்னா, இவ தேரை மாத்திட்டா, அதனாலதான்னு சொல்லுவாங்க. நீ வந்து சமாதானம் சொல்லுவியா?"

ஷர்மினி தொலைபேசியை எடுத்தார். இரண்டு பேரும் ஒவ்வொருவராக அழைத்தார்கள். சிலர் விளம்பர அழைப்பு என்று நினைத்து வெட்டினார்கள். ஒருவர் விமானத்தில் இருந்தார். ஒருவர் எண்ணையே மாற்றியிருந்தார். கடைசியில் எட்டாதவர்கள் ஒரு பிடி மிஞ்சினார்கள். அவர்களுக்குத் தேருக்கு ஒன்றாக இரண்டு தேங்காய் உடைத்துவிடுவது, கூடுதல் தேங்காய் தன் கைச்செலவு என்று பிரமிளா முடிவு செய்தார்.

லெட்சுமி தன் பதிலை எழுதவில்லை. நேராக அழைத்தார்.

"தேரு என்னா தேரு. வெள்ளிதான். எங்க வீட்டுக்காரர் அதுக்குத்தான் டத்தோ கெராமாட் ரோட்டுல நின்னு வருசா வருசம் உடைப்பாரு. அவரு போயிட்டாரு. இந்த வருசம் வேண்டுதல் என்னோடது. இடுப்பு ஆப்பரேஷன் பண்ணுனாங்க. ரெண்டு காலுல நிக்க வச்சிரு, ஒரு தேங்கா உடைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"கண்டிப்பா உடைச்சிருவோம் ஆன்ட்டி. வீடியோ அனுப்புறேன்."

"வீடியோ வேணாம். நான் பாக்கணும். உடையற நேரத்துல பாக்கணும். வீடியோ கோல் போடு."

"அந்தக் கூட்டத்துல லைன் கெடைக்குமான்னு சொல்ல முடியாது ஆன்ட்டி."

"முப்பது வருசம் வார்டுல நின்னவ நான். காத்துக்கிட்டு நிக்கிறது எனக்கு ஒன்னும் புதுசு இல்ல. நீ போடு."

பிரமிளா யாருக்கும் நேரலையில் உடைப்பதாகச் சொன்னதில்லை. ஆனால் இந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் பாதித் தேங்காய்கள் தவறான தேருக்குப் போயிருக்கும். அந்த நன்றியில் வாய் முந்திக்கொண்டது.

"சரி ஆன்ட்டி. நீங்க பாக்காம உங்க காயை உடைக்க மாட்டேன்."

அழைப்பு முடிந்ததும் ஷர்மினி, "என்னாத்துக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டார்.

கூடுதல் தேங்காய்க்கு மறுநாள் பிரமிளா தாசேக் கெலுகோருக்குப் போனார். அங்கே மொத்த வியாபாரி ஹாஃபிஸ், பினாங்கு முழுக்க உள்ள நாசி கண்டார் சோற்றுக் கடைகளுக்குத் தேங்காய் போடுபவர். அவரிடம்தான் முதல் லோடும் வாங்கியிருந்தார்.

"அக்கா, பூசம் நெருக்கத்துல வந்து தேங்கா கேட்டா நான் மரத்துல ஏறி ஒளிஞ்சுக்க வேண்டியதுதான்" என்றார் ஹாஃபிஸ். "எல்லாம் புக் ஆயிருச்சு."

"அந்த மூலையில கெடக்குறது?"

"அது பொடிக்காய். கடைக்காரன் தொட மாட்டான். பால் வராது."

"எனக்குப் பால் வேணாம் பாய். உடைஞ்சா போதும்."

"வீடியோவுல எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். அப்புறம் ஒங்க கஸ்டமர் என்னையத்தான் ஏசுவாங்க."

"கிட்ட வச்சு எடுக்குறோம். குடுங்க."

ஹாஃபிஸ் சிரித்துக்கொண்டே குனிந்து, ஒவ்வொரு காயாகக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்காததை ஒதுக்கினார். "அழுகல் காய் உடைஞ்சா ஒங்க ஆளுங்களுக்கு மனசு ஒடிஞ்சிரும். என் கடைக் காய்ல அது நடக்கக் கூடாது" என்று சொல்லிக் கோணியைக் கட்டிக் கொடுத்தார்.

தேர்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் பிரமிளா தொழிற்சாலை வழியையே எடுத்தார். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நிறம் இருக்கும். நிறம் மாறிய தட்டு அடுத்த மேசைக்குப் போகாது. வெள்ளித்தேர்க் காய்களின் குடுமிப் பக்கத்தில் குங்குமம், தங்கத்தேர்க் காய்களுக்கு மஞ்சள். பழைய லைனில் இருந்த நான்கு பெண்களை வரவழைத்தார். ஒருவர் காயை எடுத்துப் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். ஒருவர் அதைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு நீட்ட வேண்டும். உடைப்பவர் மோகனராஜ், பிரமிளாவின் கணவர், லாரி ஓட்டுநர். படமெடுக்க இரண்டு பேர். பெயர், தேங்காய், தேர், மூன்றும் ஒரே படத்தில் விழாவிட்டால் அது செல்லாது. தேர் ஓரிடத்தில் நின்று அர்ச்சனைத் தட்டுகளை வாங்கிக்கொண்டு நகரும்வரைதான் நேரம்.

வீட்டு வாசலில் ஒத்திகை நடந்தது. தேருக்குப் பதிலாக மோகனராஜின் லாரி நின்றது.

"எனக்குக் கூலி உண்டா?" என்று மோகனராஜ் கேட்டார்.

"சோறு உண்டு" என்றார் பிரமிளா.

"அது தினமும் உண்டே."

"அப்ப தினமும் கூலி வாங்குறீங்க. ஒடைங்க."

தேர் நாளன்று முதல் அடி லாரிக்கு விழுந்தது. டத்தோ கெராமாட் சாலைக்குள் வண்டி விடும் நேரம் முடிந்துவிட்டது என்று தடுப்பில் நின்ற போலீஸ்காரர் சொன்னார். பிரமிளா கெஞ்சவில்லை. தேர் இன்னும் வந்து சேரவில்லை என்று மட்டும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, கோணிகளை இறக்கச் சொன்னார். காவடிக்காரர்களின் உறுமிச் சத்தம், தண்ணீர்ப் பந்தல் ஒலிபெருக்கிகள், தோளில் பிள்ளைகளைச் சுமந்த அப்பாக்கள். அதற்கு நடுவில் ஆறு பெண்களும் ஓர் ஆணும் கோணிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். நூறு அடி போவதற்குள் ஒரு கோணி வாய் பிரிந்து தேங்காய்கள் உருண்டன. யார் யாரோ குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் காயில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "லண்டன்ல இருந்து வந்த தேங்காவா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

கார் பேட்டரிக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே ஒருவர் தன் கடை வாசலில் பெரிய குவியல் போட்டு வைத்திருந்தார். இவர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "சினி, சினி!" என்று மலாயில் சொல்லிக் கை தட்டித் தன் பக்கம் கூப்பிட்டார். பேட்டரி ஏற்றும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து மிச்சக் கோணிகளையும் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். குவியலை ஒதுக்கி இடமும் விட்டார். காய்களில் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீடியோ எத்தனை ஊருக்குப் போகும் என்று கேட்டார். ஷர்மினி சொன்னார். தவுக்கே உடனே மார்க்கரை வாங்கித் தன் தேங்காய்களில் கடையின் தொலைபேசி எண்ணை எழுத ஆரம்பித்தார்.

தங்கத்தேர் வந்தது. பிரமிளா கையைத் தூக்கினார். "ஷர்வின், ஈப்போ!" என்று முதல் பெயர் விழுந்தது. மோகனராஜ் ஓங்கி அடித்தார். "பிரேமலதா குடும்பம், சிங்கப்பூர்!" அடுத்தது. மஞ்சள் பூசிய காய்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெருவில் சிதறின. ஒரு முறை மட்டும் குங்குமக் காய் ஒன்று கை மாறி வந்துவிட்டது. பெயர் படிக்கும் பெண் அதைப் படிக்காமலேயே பின்னால் தள்ளினார். தேர் நகர்வதற்குள் மஞ்சள் கோணிகள் காலியாயின. ஷர்மினி முதல் வீடியோவை அனுப்ப முயன்றார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லைன் செத்துவிட்டது.

"அனுப்புறது அப்புறம். எடுக்குறதை ஒழுங்கா எடு" என்றார் பிரமிளா.

வெள்ளித்தேர் வந்து நின்றபோது மோகனராஜின் சட்டை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. குங்குமக் காய்கள் வேகமாகக் குறைந்தன. பொடிக்காய்கள் கூட நன்றாகவே தெறித்தன. கடைசியில் ஒன்று மிஞ்சியது: லெட்சுமி, பெர்த்.

பிரமிளா வீடியோ அழைப்பை அழுத்தினார். இணைக்கிறது என்று காட்டியது. இணையவில்லை. மறுபடி அழுத்தினார். ஷர்மினி தன் தொலைபேசியில் முயன்றார். கடைகளுக்கு முன்னால் இருந்த ஐந்தடிப் பாதைக்கு ஓடினார், தவுக்கேயின் கடை மாடிக்கு ஏறினார், அங்கிருந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தவுக்கே தன் கடை வைஃபையின் கடவுச்சொல்லைக் கத்திச் சொன்னார். அதற்குள் கடைக்குள் நின்ற பாதிக் கூட்டம் அதில் ஏறியிருந்தது.

மோகனராஜ் காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தேர் நகருது பிரமி. உடைச்சிரவா?"

ஷர்மினி மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "உடைங்க அண்ணே! வீடியோ எடுத்து அனுப்பிக்கலாம்."

பிரமிளா காயை வாங்கினார். அதை உடைத்தால் வேண்டுதல் முடிந்தது. லெட்சுமிக்கு விளக்கம் சொல்லலாம், அவரும் ஒருவேளை புரிந்துகொள்வார். உடைக்காவிட்டால் தேர் போய்விடும். அர்ச்சனைத் தட்டுகள் திரும்பி வந்தன, முன்னால் இருந்தவர்கள் விலகினார்கள், தேர் மெல்ல நகர்ந்து அவர்களைத் தாண்டியது.

பிரமிளா தேங்காயைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"பைத்தியமா ஒனக்கு?" என்று ஷர்மினி கத்தினார். "அவங்க வேண்டுதல் லா அது!"

"அவங்க பாக்காம உடைக்க மாட்டேன்னு சொன்னேன்."

"லைன் இல்லாததுக்கு நீ என்னா பண்ணுவே?"

"அதைத்தான் இப்ப யோசிக்கணும். மொதல்ல மத்தவங்களுக்கு அனுப்பு. வா."

பக்கச் சந்துகளில் நடந்தார்கள். கூட்டம் விட்ட ஓர் இடத்தில் லைன் திரும்பியது. தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. வாடிக்கையாளர்கள் வேறு யாரோ போட்ட நேரலைகளில் இரண்டு தேரும் டத்தோ கெராமாட்டைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் வீடியோ எங்கே என்ற கேள்வி, பிறகு கேள்விக்குறிகள், பிறகு ஏச்சு. பிரமிளாவின் முகப் படத்தை ஒருவர் பொதுவில் போட்டு, "இவங்களும் அந்த சிவப்புச் சட்டைதான், உஷார்" என்று எழுதியிருந்தார். அதைப் பலர் பகிர்ந்திருந்தார்கள்.

ஷர்மினி பதில் தட்டத் தொடங்கினார். "இவனுக்கு நான் எழுதுறேன் பாரு."

"ஒன்னும் எழுதாதே. அவன் வீடியோவைத் தேடி மொதல்ல அனுப்பு."

ஒரு தே தாரேக் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பெயரைச் சொல்ல, ஒருவர் வீடியோவைப் பார்த்துப் பெயர், தேங்காய், தேர் மூன்றும் இருக்கிறதா என்று சரிபார்க்க, மூன்றாமவர் அனுப்பினார். பிரமிளா யாருடைய ஏச்சுக்கும் பதில் போடவில்லை. வீடியோ, அதன் கீழே பெயர், அவ்வளவுதான். முகப் படத்தைப் போட்டவருக்கு அவருடைய தங்கத்தேர்த் தேங்காய் போய்ச் சேர்ந்தது. சிறிது நேரத்தில் அந்தப் பதிவு காணாமல் போனது. மன்னிப்பு எதுவும் வரவில்லை. ஜொகூர் பாருவில் அந்தக் கணவனும் மனைவியும் வெள்ளித்தேரில் சமாதானமாகியிருந்தார்கள், இருவரும் தனித்தனியாக நன்றி சொன்னார்கள். சிரம்பான்காரர், "வீடியோ சூப்பர் அக்கா. பின்னால ஒரு சீன அங்கிள் தேங்காவுல டெலிபோன் நம்பரைக் காட்டுறாரே, அவரும் ஒங்க ஆளா?" என்று கேட்டார். காலையிலிருந்து முதல் முறையாகப் பிரமிளா சிரித்தார்.

எல்லாருக்கும் அனுப்பி முடித்த பிறகுதான் லெட்சுமியை அழைத்தார். முதல் மணியிலேயே முகம் தெரிந்தது. நரைத்த முடியை இழுத்துக் கட்டி, பட்டுப்புடவை உடுத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு நடைச்சட்டம் நின்றது.

"உடைச்சிட்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

"தேரு?"

"போயிருச்சு."

பிரமிளா பையிலிருந்து தேங்காயை எடுத்து, பெயர் தெரியும்படி கேமராவுக்கு நேராகப் பிடித்தார்.

"லைன் கெடைக்கல. எல்லா வழியிலயும் பாத்தோம். நீங்க பாக்காம உடைக்க மாட்டேன்னு சொன்னேன், உடைக்கல."

"அப்ப என் வேண்டுதலை நடுரோட்டுல நிக்க வச்சிட்டு வந்துட்டே."

"நிக்க வைக்கல ஆன்ட்டி. வெள்ளித்தேரு பூசத்துக்கு மறுநாள் தண்ணீர்மலையில இருந்து திரும்பி வரும். அன்னிக்கு இவ்ளோ கூட்டம் இருக்காது, லைன் இருக்கும். அப்ப உடைக்கிறேன்."

"திரும்பி வர்றப்ப எங்க வீட்டுக்காரர் உடைச்சதே இல்ல."

"தெரியும் ஆன்ட்டி. ஆனா அதே தேருதான், அதே சாமிதான். ஒங்களுக்கு மனசு ஒப்பலேன்னா சொல்லுங்க. இப்பவே தேர் பின்னால ஓடிப் போயி, எங்க எட்டுதோ அங்க உடைச்சிட்டு வீடியோ அனுப்புறேன். தேர் இன்னும் மலைக்குப் போய்ச் சேரல."

மறுமுனையில் மகளின் குரல் ஏதோ சொன்னது. லெட்சுமி கையை அசைத்து அதை நிறுத்தினார்.

"ஓடாதே. மூஞ்சைப் பாத்தாலே தெரியுது, காலையில இருந்து ஒன்னும் சாப்பிடல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத பாரு பிரமிளா. நானும் காலையில இருந்து இந்தப் போனைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். உண்மையச் சொல்லப்போனா, கொஞ்ச நேரம் நின்னேன், அப்புறம் உக்காந்துட்டேன். நிக்க வைன்னு கேட்டுட்டு உக்காந்துகிட்டே பாத்தா நல்லா இருக்காது. எனக்கும் ரெண்டு நாள் பழகிக்க வேணும்."

"அப்ப சரியா ஆன்ட்டி?"

"எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் கெளம்பும். டத்தோ கெராமாட்ல இன்னிக்கு நாங்க நின்ன பேட்டரிக் கடைக்கு வர்ற நேரம் பாத்து நான் அழைக்கிறேன்."

"அதே எடம். அந்தச் சீனன் கடை பக்கத்துல. எங்க வீட்டுக்காரரும் அங்கதான் நிப்பாரு. காயைப் பத்திரமா வச்சிரு. போன்ல சார்ஜ் போட்டு வச்சிரு."

"சரி ஆன்ட்டி."

"இப்ப போயிச் சாப்பிடு."

அழைப்பு நின்றது. ஷர்மினி அவர் முன்னால் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தார். "அவங்க ஒத்துக்கலேன்னா நெசமாவே தேர் பின்னால ஓடியிருப்பியா?"

"செருப்பை ஏற்கெனவே மாட்டிட்டேன் லா" என்றார் பிரமிளா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

வெள்ளித்தேர் நாளை மறுநாள் சாயங்காலம் தண்ணீர்மலையிலிருந்து புறப்படுகிறது. பிரமிளா பட்டர்வொர்த்தில், தீவுக்குப் போகும் ஐந்து மணிப் படகில் ஒரு தேங்காயோடு ஏறுவார்.